வேலியை நகர்த்தும் உரிமை

(திறந்த மூல உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் பற்றி ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2004ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி, கலிபோர்னியாவில் இயங்கிவந்த சிக்ஸ் அபார்ட் என்ற சிறு நிறுவனம் தன் மென்பொருளின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. பென் டிராட், மீனா டிராட் என்ற இளம் தம்பதி தொடங்கிய நிறுவனம். மென்பொருளின் பெயர் மூவபிள் டைப். அன்று இணையத்தில் நாள்தோறும் எழுதிவந்தவர்களில் பெயர்பெற்ற பலர் அதைத்தான் பயன்படுத்தினார்கள். சொந்த உபயோகத்துக்கு அதுவரை காசு கேட்டதில்லை. மனமிருந்தால் நன்கொடை தரலாம், அவ்வளவுதான். மூன்றாம் பதிப்போடு ஒரு விலைப்பட்டியலும் வந்தது. இலவசப் பதிப்பு அப்போதும் இருந்தது. ஆனால் எழுதுபவர் ஒருவர், வலைப்பதிவுகள் மூன்று என்று அதற்கு வரம்பு போட்டிருந்தார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் பணம்.

பயனர்கள் கொதித்தார்கள். ஓசியில் வாங்கிப் பழகியவர்களின் புலம்பல் என்று அதை ஒதுக்கியவர்களும் உண்டு. மார்க் பில்கிரிம் என்ற நிரலாளர் செய்ததைப் பார்த்தால் அந்த ஏளனம் நிற்காது. புதிய பட்டியல்படி தனக்கு எவ்வளவு ஆகும் என்று அவர் கணக்குப் போட்டார். 535 டாலர் வந்தது. அந்தத் தொகையை அப்படியே வேர்ட்பிரஸ் என்ற, பிறந்து ஓராண்டுகூட நிறையாத மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அனுப்பிவிட்டு, தன் தளத்தையும் அங்கே மாற்றிக்கொண்டார். பணம் கொடுக்க அவர் தயங்கவில்லை. இன்று ஒரு விதி, நாளை ஒரு விதி என்று இன்னொருவர் மாற்றக்கூடிய இடத்தில் தன் எழுத்தை வைத்திருக்கத்தான் தயங்கினார்.

மூவபிள் டைப் திறந்த மூல மென்பொருளாக இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெர்ல் மொழியில் எழுதப்பட்டது என்பதால் அதன் மூலநிரலைத் திறந்து பார்க்கலாம், நமக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பிறருக்குப் பகிர முடியாது. பார்க்க முடிவதும் பகிர முடிவதும் ஒன்று என்று பலர் அதுவரை நினைத்திருந்தார்கள்.

வேர்ட்பிரஸ் எங்கிருந்து வந்தது? மிஷேல் வால்ட்ரிகி என்பவர் பி2 என்ற சிறு மென்பொருளை எழுதி, யாரும் எடுத்து மாற்றிப் பகிர இடம்தரும் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தில் வெளியிட்டிருந்தார். ஒரு கட்டத்தில் அவர் வேலையை நிறுத்திவிட்டார். பயனர்கள் திகைத்து நின்றார்கள். 2003 ஜனவரியில், ஹூஸ்டனில் 19 வயது மாணவராக இருந்த மேட் முல்லன்வெக், இதை நாமே எடுத்து வளர்க்கலாமே என்று எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில், நானும் வருகிறேன் என்றார். அந்த ஆண்டு மே 27 அன்று முதல் பதிப்பு வந்தது. அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுதியவர் விலகினாலும் நிரல் பயனர்களுடன் தங்க வேண்டும் என்பதை உரிமமே உறுதிசெய்திருந்தது. மூவபிள் டைப் விலைப்பட்டியல் வந்த ஒன்பதாம் நாள், 2004 மே 22 அன்று, வேர்ட்பிரஸ் 1.2 வெளியானது. பிளகின் எனப்படும் இணைப்புகளைச் சேர்க்கும் வசதி அதில்தான் வந்தது. கோபத்தோடு கிளம்பியவர்களுக்குப் போக ஓர் இடமும் தயாராக இருந்தது. டபிள்யு3டெக்ஸ் என்ற இணையக் கணக்கெடுப்புத் தளத்தின் கணக்குப்படி இன்று உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன.

பழைய கதையை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? இலவசப் பதிப்பு போதுமா, காசு கொடுத்து வாங்குவதா என்று யார் கேட்டாலும், உடனே விலையையும் வசதிகளையும் இரண்டு பத்தியாக எழுதி ஒப்பிடத் தொடங்கிவிடுகிறோம். இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் நடுவே ஒரு வேலி இருக்கிறது. அது இன்று எங்கே நிற்கிறது என்பதை அந்தப் பட்டியல் சொல்லும். நாளை அதை நகர்த்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லாது. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

முதலில் வேலி எங்கெல்லாம் போடப்படுகிறது என்று பார்ப்போம்.

டிரூபலின் நிரலில் வேலியே இல்லை. பெல்ஜியத்தில் மாணவராக இருந்த டிரீஸ் பொய்டார்ட் 2001இல் வெளியிட்ட உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் அது. அதற்குக் கட்டணப் பதிப்பு என்று எதுவும் கிடையாது. டிரூபலின் தளத்தில் வைக்கப்படும் ஒவ்வொரு இணைப்பும் ஜி.பி.எல். உரிமத்தில்தான் இருக்க வேண்டும். 2007இல் பொய்டார்ட் பங்கேற்றுத் தொடங்கிய அக்வியா நிறுவனம் விற்பது ஹோஸ்டிங்கையும் பராமரிப்பையும். மென்பொருள் எல்லோருக்கும் பொது. அதை நல்லபடியாக ஓட்டித்தரும் உழைப்புக்குக் கூலி. வேர்ட்பிரஸும் அடிப்படையில் இப்படித்தான். முல்லன்வெக் 2005இல் தொடங்கிய ஆட்டோமேட்டிக் நிறுவனம் வேர்ட்பிரஸ் டாட் காமில் இடம் விற்கிறது. உழைப்புக்குப் போடும் இந்த வேலியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தளம் விழுந்தால் எழுந்து பார்க்கிற ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும்.

வேர்ட்பிரஸின் கட்டண பிளகின்கள் அடுத்தது. இங்கே விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. வேர்ட்பிரஸோடு பின்னிப்பிணைந்து ஓடும் பி.எச்.பி. மொழி நிரல் அதன் வழித்தோன்றல்தான், ஆகவே அதுவும் ஜி.பி.எல். உரிமத்துக்குள் வர வேண்டும் என்பது வேர்ட்பிரஸ் தரப்பின் நிலைப்பாடு. 2010இல் தீசிஸ் என்ற கட்டணத் தீம் (தளத்தின் தோற்ற வடிவம்) ஒன்றை எழுதிய கிறிஸ் பியர்சன் இதை ஏற்க மறுத்தார். பெரிய சண்டை நடந்தது. கடைசியில் அவர் பி.எச்.பி. பகுதியை ஜி.பி.எல். உரிமத்துக்கு மாற்றினார். ஆக, இந்த நிலைப்பாட்டின்படி, காசு கொடுத்து வாங்கிய பிளகினின் பி.எச்.பி. நிரலைக்கூட இன்னொருவருக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அப்படியானால் எதற்குக் காசு? ஓராண்டுக்கான அப்டேட்டுக்கும், சிக்கல் வந்தால் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் ஆதரவுக்கும். உரிமச் சாவி என்று உங்களுக்கு அனுப்புவது இந்த இரண்டுக்கும்தான்.

இந்த இடத்தில் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டண பிளகின்களின் சாவிச் சோதனையைக் கழற்றிவிட்டு ‘நல்டு’ என்ற பெயரில் சும்மா தருகிற தளங்கள் நிறைய உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கோப்புகளுக்குள் பின்வாசல் நிரலைச் செருகி வைப்பது வாடிக்கை. உங்கள் தளம் உங்களுக்கே தெரியாமல் சூதாட்ட விளம்பரங்களைச் சுமக்கத் தொடங்கும். அப்டேட்டும் வராது. காசில்லை என்றால், அந்த வசதி இல்லாமலே தளத்தை நடத்துங்கள்.

இனி, ஒரே மென்பொருளுக்குச் சமூகப் பதிப்பு, நிறுவனப் பதிப்பு என்று இரண்டு வைக்கும் முறை. ஓப்பன் கோர் என்கிறார்கள். நடுப்பகுதி திறந்திருக்கும், மேலே அடுக்கியவற்றுக்குக் கட்டணம். டாக்குமெண்டம் நிறுவனத்தை இணைந்து தொடங்கிய ஜான் நியூட்டன், ஜான் பவலோடு சேர்ந்து 2005இல் தொடங்கிய ஆல்ஃபிரெஸ்கோ இதற்குப் பெயர்போனது. நிறுவனங்களின் ஆவணங்களை நிர்வகிக்கும் மென்பொருள். அதன் சமூகப் பதிப்பை யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பல சர்வர்களைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் கிளஸ்டரிங் வசதி கட்டணப் பதிப்பில் மட்டும். அதோடு, ஒரு குறிப்பிட்ட பதிப்பில் நீங்கள் நிலைத்து நின்றுகொண்டு அதற்கான திருத்தங்களை மட்டும் பெற்றுக்கொள்வது என்பது கட்டணக்காரர்களுக்கு உரியது. சமூகப் பதிப்பில் இருப்பவர் திருத்தம் வேண்டுமானால் அடுத்த பதிப்புக்குத் தாவ வேண்டும். பிரான்சில் பிறந்த ஸ்டிராப்பி இன்னோர் உதாரணம். இன்றைய நிரலாளர்கள் விரும்பி எடுக்கும் மென்பொருள். அதன் நிரலில் பெரும்பகுதி எம்.ஐ.டி. என்ற திறந்த மூல உரிமத்தில் இருக்கிறது, ‘ஈஈ’ என்று பெயரிட்ட கோப்புறைகளுக்குள் இருப்பவை மட்டும் வேறு உரிமம். அலுவலகத்தின் ஒரே கணக்கைக் கொண்டு உள்நுழைவது, யார் எப்போது எதை மாற்றினார் என்ற தணிக்கைப் பதிவேடு, பதிப்பிக்கும் முன் பல நிலைகளில் ஒப்புதல் பெறுவது போன்றவை கட்டணப் பக்கம்.

இது நியாயமா? என் கருத்தைச் சொல்கிறேன். ஐநூறு பேர் பணிபுரியும் நிறுவனத்துக்குத்தான் பல நிலை ஒப்புதல் தேவை. இரண்டு பேர் நடத்தும் இதழுக்குத் தேவையில்லை. ஆகவே அங்கே வேலி போட்டால் சுமை தாங்கக்கூடியவர் மேல் சுமை விழுகிறது. தணிக்கைப் பதிவேட்டில் எனக்குத் தயக்கம் உண்டு. தளத்துக்குள் திருடன் புகுந்தால் எப்படிப் புகுந்தான் என்று கண்டறிய அதுதான் வழி. பாதுகாப்பு என்பது பெரிய நிறுவனத்துக்கு மட்டும் தேவைப்படும் ஒன்றல்ல. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை யாராவது கட்டணத்துக்குப் பின்னால் வைத்தால் அந்த மென்பொருளை எடுக்காதீர்கள் என்று தயங்காமல் சொல்வேன். உங்கள் உள்ளடக்கத்தை முழுதாக வெளியே எடுத்துச் செல்லும் வசதிக்குக் காசு கேட்டாலும் அதே பதில்தான்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். வேலியை நகர்த்த முடியுமா, யாரால் முடியும்?

பதில் பதிப்புரிமையில் இருக்கிறது. பொதுவாக, ஒரு மென்பொருளின் ஒவ்வொரு வரிக்கும் அதை எழுதியவரே உரிமையாளர். டிரூபலிலும் வேர்ட்பிரஸிலும் ஆயிரக்கணக்கானோர் எழுதியிருக்கிறார்கள். தங்கள் உரிமையை யாருக்கும் எழுதிக்கொடுக்காமல், ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் பங்களித்தவர்கள். நாளை அந்த உரிமத்தை மாற்ற வேண்டும் என்றால் அத்தனை பேரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். நடக்கிற காரியமா? அதனால்தான் அங்கே வேலியை யாராலும் நகர்த்த முடியவில்லை. ஓப்பன் கோர் நிறுவனங்கள் பல, வெளியிலிருந்து பங்களிப்பவரிடம் முதலில் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்குகின்றன. உங்கள் நிரலை நாங்கள் விரும்பும் எந்த உரிமத்திலும் வெளியிடலாம் என்று அதில் இருக்கும். யாரும் படிப்பதில்லை. ஒரு மென்பொருளின் எதிர்காலத்தை அறிய நான் முதலில் படிப்பது அந்தத் தாளைத்தான்.

வேலி நகர்ந்ததற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். டைரக்டஸ் என்ற மென்பொருள் 2023இல் ஜி.பி.எல். உரிமத்தை விட்டு, பி.எஸ்.எல். என்னும் வணிக மூல உரிமத்துக்கு மாறியது. அப்போது வைத்த நிபந்தனைப்படி, ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு உட்பட்ட நிதி கொண்ட அமைப்புகள் சும்மா பயன்படுத்தலாம். அதற்கு மேலே உள்ளவர்கள் உரிமம் வாங்க வேண்டும். ஒவ்வொரு பதிப்பும் மூன்று ஆண்டுகள் கழிந்ததும் மீண்டும் ஜி.பி.எல். ஆகிவிடும். நிபந்தனைகள் தாராளமானவை என்றே எனக்குப் படுகிறது. தமிழில் இதழோ நூலகமோ நடத்தும் யாரையும் அந்த வரம்பு தொடாது. ஆனாலும் அதைத் திறந்த மூலம் என்று இனி அழைக்க முடியாது. வரம்பை வைத்தவர்களே அதைத் திருத்தவும் முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. மூவபிள் டைப்பின் பிற்காலமும் இதைத்தான் காட்டுகிறது. பயனர்களை இழந்த சிக்ஸ் அபார்ட் 2007 டிசம்பரில் அதை ஜி.பி.எல். உரிமத்தில் திறந்துவிட்டது. 2013இல் ஆறாம் பதிப்பு வந்தபோது மறுபடியும் மூடிக்கொண்டது. ஜப்பானில் அது இன்றும் விற்பனையாகிறது.

மூடிக்கொண்டால் என்ன, திறந்திருந்த நிரலை எடுத்துக் கிளை பிரிக்கலாமே என்று கேட்பீர்கள். பிரிக்கலாம். மிகச் சிறப்பாக நடந்த ஒரு பிரிவையும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் மிரோ நிறுவனம் உருவாக்கிய மேம்போ என்ற இதே வகை மென்பொருள், 2005இல் பெரும் புகழோடு இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் மேம்போவுக்கென ஓர் அறக்கட்டளை அமைத்தது. எழுதுகிற எங்களுக்கு அதில் குரல் இல்லை என்று சொல்லி மைய நிரலாளர்கள் அனைவரும் ஒன்றாக வெளியேறினார்கள். செப்டம்பரில் அவர்களுடைய கிளையான ஜூம்லா 1.0 வந்தது. பெயர் நிறுவனத்திடம் இருந்துவிட்டது. ஆட்கள் ஜூம்லாவோடு போய்விட்டார்கள். சில ஆண்டுகளில் மேம்போ ஓய்ந்தது. ஆனால் மூவபிள் டைப்பிலிருந்து 2009இல் பிரிந்த மெலடி என்ற கிளை துளிர்க்கவே இல்லை. கையில் உரிமம் இருந்தது, வேலை செய்ய ஆட்கள் திரளவில்லை. கிளை பிரிக்கும் உரிமை என்பது ஆட்கள் இருக்கும்போதுதான் பலம் பெறும்.

உரிமம் உறுதியாக இருக்கிறது, பங்களித்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்றால் நிம்மதியாக இருக்கலாமா? 2024 வரை நானும், ஆம் என்றே சொல்லியிருப்பேன்.

அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் வேர்ட்பிரஸ் மாநாடு நடந்தது. டபிள்யு.பி. எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் வேர்ட்பிரஸால் பெரும் வருவாய் ஈட்டுகிறது, திருப்பிச் செய்வது மிகக் குறைவு என்று முல்லன்வெக் அந்த மேடையிலிருந்தே தாக்கினார். வணிகச் சின்னத்தைப் பயன்படுத்துவதற்கு ஈடாக அதன் வருவாயில் 8 சதவீதம் கேட்கப்பட்டது. நிறுவனம் மறுத்தது. செப்டம்பர் 25 அன்று, பிளகின்களும் அப்டேட்களும் வரும் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளத்தின் சர்வர்களிலிருந்து அந்நிறுவனம் துண்டிக்கப்பட்டது. அதன் வாடிக்கையாளர்களின் தளங்களுக்கு வழக்கம்போல வரும் பிளகின் அப்டேட்கள் நின்றன. டபிள்யு.பி. எஞ்சின் வழக்கு தொடுத்தது. அக்டோபர் 12 அன்று, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இயங்கிய, டபிள்யு.பி. எஞ்சினுக்குச் சொந்தமான அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற பிளகினின் இடத்தை வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் எடுத்துக்கொண்டு, செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்று பெயர் மாற்றியது. டிசம்பர் 10 அன்று கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, அனைத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொன்னது.

இதில் நமக்கான பாடம் ஒன்று இருக்கிறது. அந்த பிளகினுக்கு இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் உண்டு. கட்டணப் பதிப்புக்கு அப்டேட் அந்த நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்தே வந்துகொண்டிருந்ததால் காசு கொடுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இலவசப் பதிப்பை வைத்திருந்தவர்கள்தான் சண்டையின் நடுவே அகப்பட்டார்கள். வேர்ட்பிரஸ் நிரலின் உரிமம் ஓர் எழுத்தும் மாறவில்லை. வணிகச் சின்னம் 2010இலேயே வேர்ட்பிரஸ் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டிருந்தது. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கான தனி உரிமை ஆட்டோமேட்டிக்கிடம் இருந்தது. வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் தளமோ முல்லன்வெக்கின் தனிப்பட்ட சொத்து. அறக்கட்டளைக்குச் சொந்தம் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். நிரல் எல்லோருக்கும் பொது, அப்டேட் வரும் வழி ஒருவருக்குச் சொந்தம். வேலி அங்கே இருந்திருக்கிறது, நாம்தான் பார்க்கவில்லை. ஒரே வாசலை நம்பியிருக்கக் கூடாது என்று, 2025 ஜூனில் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் ஃபேர் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. பிளகின்களைப் பல இடங்களிலிருந்து பெற வழிசெய்வது அதன் நோக்கம்.

அமைப்பிலேயே வேறு மாதிரி யோசித்தவர்களும் இருக்கிறார்கள். ஜான் ஓநோலன் முன்பு வேர்ட்பிரஸ் வடிவமைப்புக் குழுவில் பணியாற்றியவர். 2013இல் கோஸ்ட் என்ற மென்பொருளுக்காகக் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் 25,000 பவுண்டு கேட்டார்; 1,96,362 பவுண்டு சேர்ந்தது. முதலீட்டாளர்களிடம் போகாமல் லாபநோக்கற்ற அறக்கட்டளையாக அமைத்தார். நிரல் முழுவதும் எம்.ஐ.டி. உரிமத்தில். கட்டணப் பதிப்புக்கென ஒளித்துவைத்த நிரல் கிடையாது. ஹோஸ்டிங் விற்றுச் சம்பளம் தருகிறார்கள். பங்குகள் இல்லாததால் அமைப்பை யாரும் விலைக்கு வாங்க முடியாது. உரிமத்தை மட்டும் நம்பாமல், உரிமையாளரே இல்லாத ஏற்பாட்டையும் சேர்த்துச் செய்தார் என்பதற்காக அவரை மதிக்கிறேன். தமிழில் புதிதாக ஓர் இணைய இதழ் தொடங்கும் யாரும் கோஸ்ட்டை ஒருமுறை நிறுவிப் பார்க்க வேண்டும்.

இங்கே இதழ் நடத்துகிறவர்களும் பதிப்பாளர்களும் வந்திருக்கிறீர்கள். உங்களில் பெரும்பாலோர் வேர்ட்பிரஸில் இருப்பீர்கள். அங்கேயே இருங்கள், தவறில்லை. ஆனால் டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்று வீடு திரும்பியதும் பாருங்கள். தளம் அமைத்துத் தந்தவரின் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தரவுத்தளத்தையும், ஏற்றிய படங்களின் கோப்புறையையும் வாரம் ஒருமுறை உங்கள் கணினிக்கு இறக்கி வையுங்கள். இறக்கியதை வேறொரு ஹோஸ்டிங்கில் ஏற்றித் தளம் எழுந்து நிற்கிறதா என்று ஒருமுறையேனும் சோதியுங்கள். நிற்கவில்லை என்றால் எந்த பிளகின் தடுக்கிறது என்று தெரியவரும். கட்டணம் நின்றதும் பழைய பக்கங்களைத் திறக்கவிடாத பக்க வடிவமைப்பு பிளகின்கள் உண்டு. கட்டுரையின் எழுத்தையே தன் குறிகளுக்குள் பூட்டி வைப்பவையும் உண்டு. அவற்றில் எழுதாதீர்கள்.

கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுங்கள் என்பதையும் அதே அளவு வற்புறுத்துகிறேன். உங்கள் தளத்தில் ஓடும் பிளகின்களின் பட்டியலைத் திறந்தால், தனியொருவர் மாலை நேரத்தில் எழுதிப் பராமரிப்பவை சில நிச்சயம் இருக்கும். வேர்ட்பிரஸின் தமிழ் முகப்பும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து சொல் சொல்லாக மொழிபெயர்த்ததுதான். இலவசப் பதிப்பில் உங்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டாலும், எந்த பிளகின் நின்றால் உங்கள் இதழ் நிற்குமோ அதன் கட்டணப் பதிப்பை வாங்குங்கள். கட்டணப் பதிப்பு இல்லையென்றால் நன்கொடையாக அனுப்புங்கள். பில்கிரிம் அனுப்பியது போல 535 டாலர் வேண்டியதில்லை. ஆண்டு வரவுசெலவில் அச்சுக்கூலி, தபால் செலவு என்று எழுதும் பக்கத்தில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கி, ஏப்ரல் மாதமே கட்டிவிடுங்கள்.